சுல்தான் ஏன் நடுங்க வேண்டும்?

ஜூன் 9, திங்கள்

காலை 6.10. பின்வராந்தாவில் ரோல் கால். லவ் பேர்ட்ஸ் எட்டு, சரி. தேவா, சரி. சுல்தான் இருக்கிறான், ஆனால் ஆஜர் என்று எழுத மனம் வரவில்லை. கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு, கொண்டையை ஆணி அடித்ததுபோல் நிறுத்திக்கொண்டு, மூச்சு விடுகிறானா என்றே தெரியாமல் நிற்கிறான்.

பெயரைப் பார். சுல்தான்!

வந்து எட்டு நாள் ஆகிறது. கடையநல்லூர் ஷமீம் பானு, என் வீட்டுக்காரி முத்துவடிவுக்கு ஜாக்கெட் தைக்கிறவள், தம்மாமில் இருக்கும் புருஷனிடம் பிள்ளைகளோடு போய்விட்டாள். "அக்கா, நான் திரும்பி வர்ற வரைக்கும் இவன் உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கூண்டோடு கொண்டுவந்து வைத்தாள். சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. தேவாவும் இதே காக்டெய்ல் கிளிச் சாதிதான். அவன் போடும் ஆட்டம் தெருவுக்கே தெரியும். இவனும் அங்கே நாள் முழுக்கத் தையல் மிஷின் மேலேயே உட்கார்ந்திருப்பானாம், பானு சொன்னாள். இங்கே நான் போனால் மூலை.

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனேன். என்னைப் பார்த்து நடுங்கியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் நடுங்கக் காரணம் இருந்தது. இவன் என்ன, செயின் பறித்தானா?

ஜூன் 12

இறகைப் பிடுங்கிக்கொள்கிறான். தட்டில் ஏழு சாம்பல் இறகு கிடக்கிறது. எனக்கு எதிராகச் சாட்சி தயார் செய்கிறானோ?

ஜூன் 14, சனி

முத்துவடிவு காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வராந்தால இருந்தா அது இரை எடுக்க மாட்டேங்கு. நீங்க வெளிய போனாத்தான் திங்கிது."

நான் நம்பவில்லை. புகார் என்றால் விசாரிக்க வேண்டும். சந்தைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்தினேன். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து, காம்பவுண்ட் ஓரமாய்ப் பதுங்கி, குளியலறைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், ஒரு கிளிக்காக மறைந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அவள் சொன்னது உண்மை. சுல்தான் முன்கம்பிக்கு வந்து தினைக் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தான். முத்துவடிவு அரிசி புடைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு நினைவில்லை. என் செருப்பு சரளைக்கல்லில் அரைபட்டது. அவ்வளவுதான். கதிர் ஆடி நின்றது. பாட்டும் நின்றது.

நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. வந்தேன், அவ்வளவுதானே.

ஜூன் 17, செவ்வாய்

சுல்தானைத் துணி போர்த்தி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அபர்ணா, சின்ன வயசு. கிளியைப் பார்ப்பாள் என்று பார்த்தால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார் போலீஸா?"

எப்படித் தெரியும் என்றேன். வேட்டி சட்டையில்தான் போயிருந்தேன்.

"நிக்கிறதுல தெரியுது சார். காலை அகட்டி, கையைப் பின்னால கட்டி, கூண்டுக்கு நேரா நின்னு, கண்ணையே பாக்கீங்க. பருந்து அப்படித்தான் பாக்கும்."

பருந்து! முதலமைச்சர் பதக்கம் வாங்கியவன் நான்.

அவன் மற்ற பறவைகளைப்போல் கூச்சல் போடுவதில்லை, ஒழுங்காகத்தான் இருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தேன். "அது ஒழுங்கு இல்ல சார், பயம். பயந்த பறவை சத்தம் போடாது" என்றாள். தரையில் உட்கார வேண்டுமாம், அவனைவிடத் தாழ்வாக. பக்கவாட்டில். முகத்தைப் பார்க்கக் கூடாது. மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவனாக வரும்வரை. இதில் எதுவும் எந்த ஸ்டேஷனிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடைசியில், "அப்புறம் காலைல ஆஜர் எடுக்கிறத நிறுத்திருங்க" என்றாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பிப் பார்த்தேன். முத்துவடிவு தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. முதல் புகாரை மாட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறாள்.

ஜூன் 18

கெடு வைத்துவிட்டாள். "அருவி சீசன் முடியட்டும். அதுக்குள்ள அது தேறலைன்னா கடையநல்லூர்ல பானுவோட சின்னம்மா வீட்டுல விட்டுருவோம். என் கண்ணு முன்னால அது சாக வேண்டாம்."

தர மாட்டேன். அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? சங்கிலிப்பாண்டி வீட்டில் கிளிகூடப் பிழைக்காது என்றுதானே குத்துக்கல்வலசை முழுக்கப் பேசும்? இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்: எனக்கு வலிக்கிறது. என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டியது இல்லை.

ஜூன் 20, வெள்ளி

தரையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன, அதற்கே அவன் துள்ளினான். கிளியிடம் என்ன பேசுவது? "பெயர் என்ன, அப்பா பெயர் என்ன" என்றுதான் வாயில் வருகிறது. பேப்பரை எடுத்து வாசித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக. மெதுவாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம்! பரேடு மைதானத்தில் பழகிய தொண்டை இது.

அரை மணி நேரம். அவன் அசையவில்லை.

ஜூன் 28, சனி

ஒன்பது நாள். பலன் பூஜ்யம். தேவா மட்டும் அழைக்காமலே வந்து தோளில் உட்கார்ந்து பேப்பரின் ஓரத்தைக் கிழித்துக் கொண்டாடுகிறான். போதாததற்கு சுல்தானின் கூண்டு மேல் ஏறி நின்று அவன் வாலைக் கம்பி வழியே இழுக்கிறான். ரவுடிப்பயல். சுல்தானின் கூண்டைத் தனியாக மேற்கு ஓரம் மாற்றினேன்.

நான் பேப்பரோடு உட்கார்ந்தால், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த முத்துவடிவு முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அது அவள் எப்போதும் கொடுக்கிற மரியாதை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் டி.வி. சத்தத்தைக் குறைப்பாளே, அதுபோல.

ஜூலை 4, வெள்ளி

பானு வீடியோ காலில் வந்தாள். அவள் குரல் கேட்டதும் சுல்தான் முன்கம்பிக்கு ஓடிவந்தான், சீட்டியடித்தான்! போனில் இருப்பவளுக்குச் சீட்டி, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாரமாக முட்டி தேய்ப்பவனுக்கு மூலை. இது எந்த ஊர் நியாயம்?

"என்ன அண்ணாச்சி, வாசிக்கீங்களாமே" என்று சிரித்தாள். என்ன வாசிக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து, கொலை கொள்ளை எல்லாம்.

அவள் பதில் சொல்வதற்குள் முத்துவடிவு குறுக்கே வந்தாள். "எங்க மெதுவா வாசிக்காவ? திருட்டுக் கேஸ் வந்தா செக்ஷன தப்பாப் போட்டுட்டான்னு பேப்பரப் போட்டு ஏசுதாவ."

தப்பாகப் போட்டால் ஏசாமல்? நேற்றுகூடக் கைது செய்த இடத்தையும் சம்பவ இடத்தையும் ஒன்றாக்கி எழுதியிருந்தான்.

பானு சொன்னாள்: "அண்ணாச்சி, அவனுக்கு என் மிஷின் சத்தம்தான் தாலாட்டு. ஏத்தம் இறக்கம் இல்லாம ஒரே மாதிரி போய்க்கிட்டே இருக்கணும். அப்பத்தான் கண்ண மூடுவான்."

ஏத்தம் இறக்கம் இல்லாத செய்தி பேப்பரில் எங்கே இருக்கிறது?

ஜூலை 5

இருக்கிறது. அணை நீர்மட்டம். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார். கோபப்பட அதில் எதுவும் இல்லை. நான்கு தடவை வாசித்தேன். நான்காவது தடவை அவன் ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டான். டாக்டருக்குப் போன் செய்தேன். நிம்மதியாக இருந்தால்தான் அப்படி நிற்பானாம்.

ஜூலை 9, புதன்

காலை 7.25 மணிக்கு, என் முன்னிலையில், சுல்தான் தினை சாப்பிட்டான். சாட்சி: தேவா.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். கதவைத் திறந்துவைத்து, உள்ளங்கையில் கதிரை வைத்து நீட்டியிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். குண்டாறு வாசிக்கும்போது விரல் நுனியில் ஒரு சின்ன இழுப்பு. ஒரே ஒரு தினை. எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடிவிட்டான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. முத்துவடிவு உள்ளே இருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிட்டால் கத்தியதுபோல் ஆகுமே என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

அருவிக்குத் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, நம் வீட்டுக்குச் சொந்தம் வந்துவிடும். முத்துவடிவின் தம்பி இசக்கிதுரை மதுரையிலிருந்து குடும்பத்தோடு, சகலை வீட்டையும் சேர்த்துக்கொண்டு, ஒன்பது பேராக இறங்கியிருக்கிறான். இவர்கள் வந்த நேரம் மலையில் பேய்மழை. பெரிய அருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. ஒன்பது பேரும் வீட்டிலேயே. கூடத்தில் ஈரத்துண்டு, சமையலறையில் தீராத தோசை. குளிக்க வந்தவர்கள் குளிக்காமல் தின்கிறார்கள்.

வராந்தாப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

பால் வாங்கிவிட்டு 4.40க்குத் திரும்பினேன். வராந்தாவின் வலைக்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. சுல்தானின் கூண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு இசக்கிதுரை. இன்னொரு கையில் போன். போட்டோ எடுக்கிறானாம். சுற்றிப் பிள்ளைகள் கெக்கலி கொட்டுகின்றன. "போலீஸ்காரர் வீட்டுக் கிளி பயந்தாங்கொள்ளி!"

"ஏலே! கைய எடுலே!"

பஸ் ஸ்டாண்டு கூட்டத்தையே கலைக்கிற சத்தம் அது. எல்லாரும் சிலையாய் நின்றார்கள். சுல்தான் மட்டும் நிற்கவில்லை. என் காதை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தான். காம்பவுண்டைத் தாண்டி, காலிமனையைத் தாண்டி, சாரலுக்குள் மறைந்துவிட்டான்.

ஆட்களை நான்கு திசைக்கும் அனுப்பினேன். வீடு வீடாக விசாரித்தேன். பின்னால் இருக்கும் புளியமரத்தில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். கீழே நின்று கூப்பிட்டேன், எவ்வளவு கூப்பிட்டேன்! உச்சியில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. கூப்பிடக் கூப்பிட மேலே போனது. இருட்டியதும் அதுவும் தெரியவில்லை.

வந்து இசக்கிதுரையை உண்டு இல்லை என்று ஆக்கினேன். ஆமாம், ஆக்கினேன். சொன்னதை மீறினவன் அவன். கதவைத் திறந்துபோட்டவன் அவன். "தெரியாமப் பண்ணிட்டேன் அத்தான்" என்று பெட்டியைக் கட்டப் போனான்.

அப்போதுதான் முத்துவடிவு எல்லார் முன்னாலும் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"அவன் கைய விட்டப்ப அது கூண்டுக்குள்ளதான் இருந்துச்சு. அவன் விரலக் கடிச்சுது, ஆனா உள்ளதான் இருந்துச்சு. நீங்க போட்ட சத்தத்துலதான் பறந்துச்சு." தம்பியின் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். "முப்பத்தோரு வருஷமா நானும் அந்தச் சத்தத்தக் கேக்கேன். எனக்கு ரெக்கை இல்ல, அவ்வளவுதான்."

என்ன பேச்சு இது? அடிச்சேனா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை நீட்டியிருப்பேனா? குடிச்சேனா? சம்பளத்த அப்படியே கொண்டாந்து குடுத்தேன்லா? டூட்டி முடிஞ்சு வந்தா நான் பாட்டுக்குப் பேப்பர் வாசிச்சேன். யாரையாவது தொந்தரவு பண்ணினேனா? நான் உள்ள வந்தா எல்லாரும் அவங்களாத்தான அமைதியா...

டி.வி. சத்தம்.

அது மரியாதை என்றுதானே நினைத்தேன். பயந்த பறவை சத்தம் போடாது என்று அந்த டாக்டர் சொன்னாள். அன்று நான் சுல்தானைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 5.50. முத்துவடிவு தேவாவின் கூண்டை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேவா வழக்கமான தன் கச்சேரியைத் தொடங்கினான். மூன்றாவது சீட்டிக்குப் புளியமரத்திலிருந்து மெலிதாக ஒரு பதில் வந்தது. உயிரோடு இருக்கிறான்! ரவுடிப்பயல் தேவாவுக்கு ஆயுசு நூறு.

மரத்தடிக்குப் போனேன். கூப்பிடவில்லை. செங்கல் அடுக்கின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து, குடையை விரித்து, சட்டைக்குள் வைத்திருந்த பேப்பரை எடுத்து வாசித்தேன். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தேவிட்டார். என்னிடம் வேலை பழகிய மாரிராஜ், இப்போது ஏட்டு, பைக்கை நிறுத்தி சல்யூட் அடித்தான். "ஐயா... யாருக்கு வாசிக்கீங்க?"

கத்தலாம்போல் வந்தது. முடியாதே. கடனாநதி வாசிக்கிற அதே குரலில், "கிளிக்கு வாசிக்கேன். நீ கிளம்பு" என்றேன். அவன் பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். நான் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

அதே எட்டு அணை, பதினாறு தடவை. பேப்பர் நனைந்து கையோடு வந்தது. அதன் பிறகு பார்க்காமலே சொன்னேன். 9.05க்கு ஒரு கிளை இறங்கினான். பிறகு இன்னொன்று. நான் நிமிரவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது, இருந்தும் நிமிரவில்லை. கருப்பாநதி சொல்லும்போது முட்டியில் ஏதோ உட்கார்ந்தது. நனைந்த ஒரு பிடி பஞ்சு. நடுங்குகிறான், ஆனால் இந்த நடுக்கம் குளிரால்.

கையை நீட்டி ஏற்றிக்கொண்டு எழுந்தேன். அணைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். முழங்கைக்கு ஏறிச் சட்டையைக் கவ்விக்கொண்டான். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும். முத்துவடிவு கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். வராந்தாவில் சூடான பல்பும், துண்டும், தினையும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "அடவிநயினார்" என்றுதான் வாயில் வந்தது.

ஜூலை 29

இசக்கிதுரை ஊருக்குக் கிளம்பினான். மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்கு வராது. பஸ் ஸ்டாண்டு வரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "வேண்டாம் அத்தான், குடுங்க அத்தான்" என்று வழி முழுக்கப் பதறினான். ஒரு மனுஷன் பெட்டி தூக்கினால்கூடப் பயப்படுவார்களா?

ஆகஸ்ட் 6

சுல்தான் இறகு பிடுங்குவதை நிறுத்திவிட்டான். தட்டு மூன்று நாளாகச் சுத்தம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டி.வி. சத்தம் குறைகிறதா என்று கவனித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். குறைந்தது.

ஆகஸ்ட் 19

குறைந்தது. நான் போய் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். பின்னாலிருந்து, "என்னாச்சு உங்களுக்கு?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். என்னிடம் அவள் கோபமாக ஏதாவது கேட்டு எவ்வளவு நாளாகிறது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சீசன் முடிந்தது. அருவியில் நூலாகத் தண்ணீர் விழுகிறதாம், கடைகளைப் பிரிக்கிறார்கள். கெடு இன்றோடு சரி. கடையநல்லூர் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சுல்தானுக்கு அலகு தீட்டப் புதுக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் கட்டியிருக்கிறது, நான் கட்டவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காலை ஏழு மணி. தரையில்தான். முட்டிக்குக் கீழே இப்போது ஒரு பழைய தலையணை இருக்கிறது, யார் வைத்தது என்று விசாரிக்கவில்லை. சுல்தான் முட்டி மேல். தலையைக் குனிந்து பிடரியைக் காட்டினான். சொறிந்துவிட வேண்டுமாம். ஒரு விரலால் சொறிந்துகொண்டே வாசித்தேன். பேப்பரைத் திருப்ப இன்னொரு கைதான், அது போதவில்லை, அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

முத்துவடிவு முருங்கைக்கீரை முறத்தோடு வந்தாள். போவாள் என்று காத்திருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உருவத் தொடங்கினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்தபடியே வாசித்தேன். ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார்.

வடகரையில் அவள் அப்பா வயல் அடவிநயினார் பாசனம். இத்தனை வருஷமாக இந்தப் பேப்பர் இந்த வீட்டுக்கு வருகிறது. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"அடவிநயினார் எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்றாள். "சத்தமா வாசிங்க. எனக்குக் கேக்கல."

சத்தமாக வாசித்தேன். சுல்தான் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மறுபடியும் பிடரியைக் குனிந்து காட்டினான்.